எல்.கே.ஜி. வாசலில் ஒரு வயிற்றுவலி: திருப்பூர் லைன் வீட்டுப் பிள்ளையின் பள்ளித் தயாரிப்பு

இங்கே வரும் பையன் ஒரே ஒரு பிள்ளை அல்ல. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போக, ஊரிலிருந்து வந்த பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமையை ஒரே வீட்டில் வைத்து எழுதியது இது.

வீடும் பிள்ளையும்

ஜூன் 1 அன்று பையனுக்கு 3 வயது 9 மாதம். அப்பா நிட்டிங் யூனிட்டில், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில். ஓவர்டைம் உள்ள நாளில் அம்மா வீடு வர இரவு 8.30 ஆகும். ஆறு குடித்தனம் உள்ள லைன் வீடு. கழிப்பறை இரண்டு, இரண்டும் பொது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த அம்மாயிதான் (அம்மாவின் அம்மா) பையனின் எட்டாம் மாதத்திலிருந்து எல்லாம் பார்க்கிறார்.

சேர்க்கை வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருக்க வேண்டும். அது சரியாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரில்லாமல் பதிவான சான்றிதழில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் மே மாதக் கடைசியில் அலுவலகத்தில் நிற்கும் வரிசை நீளம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான நீல நிற ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை. ஆதாரிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும். தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயது பூஸ்டரும் இரண்டாவது தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் போட்ட குறிப்பு இருந்தது, அடுத்த டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) பூஸ்டர் 5–6 வயதில்தான்.

வீட்டார் கேட்டது என்ன, கண்டது என்ன

ஏப்ரல் நடுவில் பெற்றோரின் கவலை ஒன்றே ஒன்று: “பக்கத்து வீட்டுப் பொண்ணு ஏ, பி, சி, டி முழுசா எழுதுது, இவன் பென்சிலையே பிடிக்க மாட்டேங்கிறான்.”

பென்சிலை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வாரம் பையனின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று குறித்தபோது கிடைத்தவை வேறு. இரவு 10.45க்குத் தூக்கம், காலை 8.30க்கு விழிப்பு, மதியம் இரண்டரை மணி நேரம் மறுபடி தூக்கம். பால் நாளுக்கு மூன்று, நான்கு டம்ளர், ஏறத்தாழ 700 மில்லி. இட்லியைப் பிசைந்து ஊட்டுவது அம்மாயி, எதிரே செல்போன், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 45 நிமிடம். போன் நேரம் மொத்தம் மூன்று மணி. இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வைத்த வரம்பு ஒரு மணி. சிறுநீர் வந்தால் சொல்வான், டவுசரை அம்மாயி இறக்கிவிட வேண்டும். மலம் காலை 9.15 முதல் 9.30க்குள், குளியலறைச் சாக்கடை ஓரத்தில், அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு. பொதுக் கழிப்பறைக்குள் ஒருநாளும் போனதில்லை. சொந்தக்காரர் அல்லாத யாரிடமும் கால் மணிக்கு மேல் இருந்ததில்லை. பேச்சில் குறையில்லை: நான்கைந்து சொல் சேர்த்துப் பேசுகிறான், அயலார்க்கும் பெரும்பாலும் புரிகிறது.

ஆக, இவனுக்கு எழுத்து தடையே அல்ல. 24 மணி நேரமும் இன்னொருவர் கை இவனுடைய கையாக வேலை செய்கிறது. ஜூனில் அந்தக் கை கூட வரப்போவதில்லை. எனவே தயாரிப்பில் பாதி பையனுக்கு, பாதி அம்மாயிக்கு என்று முடிவானது. எழுத்துப் பயிற்சி முழுதாக நிறுத்தப்பட்டது. விரல் நுனியில் வலு வருமுன் பென்சிலைத் திணித்தால் பிள்ளை முழங்கையாலும் தோளாலும் எழுதப் பழகும். பிறகு அந்தப் பிடியை மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். அதற்குப் பதிலாகப் பட்டாணி உரிப்பது, துணிக் கிளிப்பை அமுக்கிக் கயிற்றில் மாட்டுவது, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவது, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் கோடு இழுப்பது. கிரேயானை மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுத்தால் அதை முஷ்டியில் பிடிக்கவே முடியாது, விரல் நுனிகள் தானாக வந்து சேரும். புதுக் கிரேயானை உடைக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை, அம்மாயி உடைத்தார்.

தூக்கம்: விழிப்பிலிருந்து தொடங்குவது

வேன் காலை 8.20க்கு. இலக்கு: 6.45க்கு விழிப்பு, இரவு 9க்குத் தூக்கம். இரண்டு முனையிலும் 105 நிமிடம் முன்னே வர வேண்டும். 15 நிமிடம் வீதம் ஏழு படி, படிக்கு நான்கு நாள்: 28 நாள். மே முதல் வாரம் தொடங்கினால்தான் பள்ளி திறக்குமுன் முடியும்.

இதில் வீடுகள் வழக்கமாகச் செய்யும் தவறு, சீக்கிரம் படுக்க வைக்கப் பார்ப்பது. தூக்கம் வராத பிள்ளையை விளக்கணைத்துப் படுக்க வைத்தால் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுதான் மிச்சம். எழுப்புவதை முன்னே நகர்த்தி, மதியத் தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுத்தி, மூன்று மணிக்கு மேல் தூங்கவிடாமல் இருந்தால் இரவுத் தூக்கம் தானாக முன்னே வரும். இரவு 9 மணி 45 நிமிடமும் மதியம் ஒன்றரை மணி நேரமும் சேர்ந்தால் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த வயதுக்குத் தேவைப்படும் 10–13 மணி நேரத்துக்குள் அது அடங்கும்.

கணக்கு எளிது. இடித்தது அம்மாவின் பக்கம். அவர் வருவது 8.30க்கு, பிள்ளை 9க்குத் தூங்கிவிட்டால் நாளில் பார்ப்பது அரை மணி. இதை வெளியே சொல்லாமல் இரண்டாம் வாரம் முழுக்க அவர் பையனை 10 மணி வரை விளையாட வைத்துக்கொண்டிருந்தார். திட்டம் அங்கே நின்றுபோனது. காலை 6.45 முதல் 7.45 வரை அம்மாவின் நேரம் என்று மாற்றிய பிறகுதான் நகர்ந்தது: எழுப்புவது, பல் துலக்குவது, இட்லி வைப்பது அம்மா, சமையல் அம்மாயி. முன்பு இரண்டையும் அம்மாயியே பார்த்ததால் அம்மா காலையில் பிள்ளையைத் தூக்கத்தில்தான் பார்த்துவிட்டுப் போவார்.

சாப்பாட்டு டப்பா

இடைவேளை 10.30க்கு, மொத்தம் 20 நிமிடம். டப்பாவைத் திறக்க, சாப்பிட, மூட, கை கழுவ எல்லாம் அதற்குள். எனவே முதலில் பார்க்க வேண்டியது என்ன வைப்பது என்பதல்ல. பையன் எந்த டப்பாவைத் திறப்பான் என்பது. தொடர்ந்து ஐந்து முறை கொடுத்து ஐந்து முறையும் தானே திறந்து மூடினால் மட்டும் அந்த டப்பா. நான்கு பக்கக் கிளிப் வைத்தது தேறவில்லை. அழுத்தி மூடும் எவர்சில்வர் டப்பா வீட்டில் வெறுமையாக இருந்தபோது சுலபமாகத் திறந்தது, சூடாக இட்லி வைத்த அன்று அம்மாயிக்கே திறக்கவில்லை. உள்ளே சூடான காற்று ஆறும்போது சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உணவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு மூடினால் இந்தச் சிக்கல் இல்லை, மூடியில் வியர்த்து இட்லி நனைவதும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு தாழ் உள்ள பிளாஸ்டிக் டப்பா நிலைத்தது.

அளவு, பிள்ளையின் கைப்பிடிக்கு இரண்டு. பொடியும் எண்ணெயும் தடவிய சின்ன இட்லி இரண்டு, நாலு நாலாக வெட்டியது. அல்லது சுருட்டிய ஒரு சப்பாத்தி. அல்லது காம்புப் பக்கம் சற்றுக் கீறிவிட்ட வாழைப்பழம், அப்போதுதான் உரிக்க முடியும். சாம்பார் சாதம் வேண்டாம். கரண்டி கீழே விழுந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதில் தொண்டையை அடைக்கும். திராட்சை வைத்தே ஆக வேண்டுமென்றால் நீளவாக்கில் நான்காகப் பிளந்துதான்.

ஊட்டாமல் சாப்பிடப் பழக்க மூன்று வாரம் ஆனது. அம்மாயிக்குக் கொடுத்த வேலை ஒன்று: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனசுக்குள் இருபது எண்ணுவது. இருபது எண்ணிய பிறகும் பிள்ளை திணறினால் உதவலாம். முதல் வாரம் அவர் ஐந்தாவது எண்ணிலேயே கையை நீட்டிவிடுவார். “பச்சப்புள்ளய எதுக்கு இப்படிப் பட்டினி போடுறீக?” என்று மருமகனிடம் சண்டை. இந்தச் சண்டையை எதிர்பார்க்காமல் போட்ட திட்டம் எந்த வீட்டிலும் ஓடாது. அவர் பார்த்த மூன்று வருட வேலையைக் குறை சொல்லாமல், வேனில் ஏற்றுவதும் இறக்குவதும், ஆயாவிடம் பேசுவதும், டப்பா திரும்பி வந்ததைக் குறித்து வைப்பதும் அவர் பொறுப்பு என்று ஆனபின் குரல் இறங்கியது.

டவுசர், விரல், சொல்

பள்ளிச் சீருடை டவுசரில் பட்டன், ஜிப், மேலே பெல்ட். நெருக்கடியான நேரத்தில் மூன்று பூட்டு. திருப்பூரில் இடுப்பு எலாஸ்டிக் வைத்துத் தைத்துத் தர ஆள் தேட வேண்டியதில்லை. பட்டன் வெளியே அலங்காரத்துக்கு இருக்க, உள்ளே எலாஸ்டிக் ஆனது. பெல்ட் முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காலணி, ஒட்டிப் பிரிக்கும் பட்டை வைத்தது. சீருடையைப் பள்ளி திறக்கும் அன்று முதன்முதலாகப் போடக் கூடாது. மே கடைசியில் அதைப் போட்டுக்கொண்டே டவுசர் இறக்கி ஏற்றுவதைப் பத்து முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

வீட்டில் இவன் சொல் “மூச்சா”. பள்ளியில் நீளமான ஆங்கில வாக்கியம் ஒன்று சொன்னால்தான் அனுப்புவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள். அந்த வாக்கியம் நாக்கில் வராத பிள்ளை கேட்காமலே அடக்கிக்கொள்ளும். “மிஸ், பாத்ரூம்” என்ற இரண்டு சொல்லும், சொல் வராவிட்டால் சுண்டு விரலும் போதும் என்று ஆசிரியரிடம் பேசி முடிவானது. சுண்டு விரல் எந்தப் பள்ளியிலும் செல்லும். தமிழ்நாட்டில் அது பழைய பழக்கம். டவுசரை இறக்க யார் உதவலாம் (ஆயா, மிஸ்), வேறு யாராவது தொட வந்தால் “வேண்டாம்” என்று கத்திவிட்டு வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்பதும் இதே பயிற்சியில் இயல்பாகச் சேர்ந்தது.

கைவிட்டுப் பிரிதல்

பக்கத்துக் குடித்தனத்து அக்காவிடம் முதலில் 10 நிமிடம், பிறகு 20, 40, ஒரு மணி, கடைசியில் இரண்டு மணி. ஒவ்வொரு படியும் இரண்டு முறை. போகும்போது சொல்லிவிட்டுப் போவது, சொன்ன நேரத்துக்கு வருவது. நேரம் மணியில் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. “நீ பழம் சாப்பிட்டு, பந்து விளையாடி முடிச்சதும் அம்மாயி வந்துடுவேன்” என்றால் புரியும்.

இங்கே இரண்டு பழக்கங்களை முறிக்க வேண்டியிருந்தது. ஒன்று, பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிவிடுவது. அழுகையைத் தவிர்க்க நினைத்துச் செய்வதுதான். ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது, கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போய்விடும் என்பதை. அடுத்த நாளிலிருந்து சேலையை விடாது. இரண்டாவது, “சாப்பிடலைன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன், மிஸ் அடிப்பாங்க.” பூச்சாண்டிக்குப் பதிலாக மிஸ்ஸை வைத்து மூன்று மாதம் மிரட்டிவிட்டு, ஜூனில் அதே மிஸ் கையில் பிள்ளையைக் கொடுப்பதில் உள்ள முரண்பாடு யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜூன்

பள்ளியில் முதல் வாரம் ஒன்றரை மணி நேரம்தான், பிறகு 12.30 வரை. முதல் நாள் கொண்டுவிட்டது அப்பா, ஏனென்றால் ஒத்திகையில் அப்பாவிடம் குறைவாக அழுதான். வாசலில் ஒரு முத்தம், ஒரு வாக்கியம், திரும்பிப் பார்க்காமல் நடை. இருபது நிமிடம் அழுதான். இரண்டாம் நாள் அழவில்லை. மூன்றாம் நாள் முன்பைவிட அதிகம். முதல் நாள் வேடிக்கை; தினமும் போக வேண்டியது என்று தெரியவருவது மூன்றாம் நாள்தான். ஞாயிறு கழிந்த திங்கள் அதைவிட மோசம். இரண்டுமே எதிர்பார்த்தவை. வேனில் ஏற்றியது மூன்றாம் வாரம்தான். புது இடம், புது ஆள், புது வண்டி மூன்றையும் ஒரே நாளில் பிள்ளை மேல் ஏற்றக் கூடாது. 2012இல் வந்த தமிழ்நாட்டுப் பள்ளிப் பேருந்து விதிகள் உதவியாளரைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வேனில் ஏற்ற இறக்க ஓர் ஆள் தினமும் வருகிறாரா என்று அம்மாயி நின்று பார்த்துக்கொண்டார்.

வயிற்றுவலி

நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை காலை “வயிறு வலிக்குது, போகல” என்று சுருண்டு படுத்தான். பதினொரு மணிக்குச் சரியாகிவிட்டது. புதனும் அப்படியே. அப்பா, நடிப்பு என்றார். அம்மாயி திருஷ்டி என்று சூடம் சுற்றினார். வியாழனன்று ஜட்டியில் கறை இருந்தது; வயிற்றுப்போக்கு என்று முடிவுசெய்து பழத்தை நிறுத்திக் கஞ்சி கொடுத்தார்கள். அதுதான் நிலைமையை மோசமாக்கியது.

டப்பா குறிக்கும் நோட்டில் அம்மாயி தண்ணீர் பாட்டிலையும் குறித்திருந்தார்: 400 மில்லி பாட்டில் ஒன்பது நாளில் ஏழு நாள் நிரம்பியபடியே திரும்பியிருந்தது. கடைசியாக முழுதாக மலம் கழித்தது எப்போது என்று கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து நாள்.

நடந்தது இதுதான். ஏப்ரலில் இவனுக்கு மலம் கழிக்கும் நேரம் 9.15–9.30. ஜூனில் அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கிறான். பள்ளிக் கழிப்பறை ஈரத் தரை, உயரமான இருக்கை, காலுக்குப் பிடிமானமில்லை, ஃபிளஷ் சத்தம். அடக்கினான். அடங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; மலம் இறுகும்; வரும்போது வலிக்கும்; வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவான். இறுகிய கட்டியின் ஓரமாகக் கசியும் இளகல்தான் ஜட்டியில் பட்ட கறை, அது வயிற்றுப்போக்கு அல்ல. காலைச் சாப்பாடு இறங்கியதும் குடல் அசையும், அப்போது வலிக்கும். அதனால்தான் வலி தினமும் வேன் வரும் நேரத்தில் வந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை.

தூக்கத்தை ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னே நகர்த்திய திட்டத்தில் மலம் கழிக்கும் நேரத்தை யாரும் நகர்த்தவில்லை. தயாரிப்பில் விடுபட்ட இடம் அது. ஏப்ரல் குறிப்பில் நேரம் எழுதியிருந்தும் விடுபட்டது.

குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மலத்தை இளக்கும் மருந்தை எடைக்கேற்ற அளவில் எழுதிக்கொடுத்தார். இந்த மருந்தை மூன்றாம் நாள் நன்றாகப் போனதும் பல வீடுகளில் தாங்களே நிறுத்திவிடுவார்கள், பத்து நாளில் எல்லாம் பழையபடி திரும்பும். விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும். குறைப்பது மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான். வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், வயிறு உப்பிக் கல்லாதல், சிறுநீர் எரிச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் மாறியவை: இட்லி 7.45க்குப் பதில் 7.10க்கு. சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் குடலுக்கு இயல்பாகவே உந்துதல் வரும், எனவே 7.25க்கு உட்கார வைத்து ஐந்து முதல் ஏழு நிமிடம். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம், திட்டு இல்லை. ஆனால் 7.25 என்பது லைன் வீட்டில் கழிப்பறை வாசலில் வாளியோடு நான்கு பேர் நிற்கும் நேரம். அக்கம்பக்கத்தில் பேசிப் பார்த்தார்கள், இரண்டு நாள் நடந்தது, மூன்றாம் நாள் ஷிப்டுக்குப் போகிறவர் காத்திருக்க முடியவில்லை. நியாயம்தான். குழந்தைக்கான பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்கிச் சமையல் மூலைக்கு எதிர்ப்புறம் திரை கட்டி வைத்தார்கள். கடையில் “பேபி பாட்டி” என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்; அம்மாயிக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிந்து முட்டி இடுப்பைவிட உயர இருக்க வேண்டும், தொங்கும் காலோடு முக்க முடியாது.

பால் 700 மில்லியிலிருந்து இரண்டு டம்ளர், 400 மில்லி. பால் குறைந்ததும் பசி வந்தது, ஊட்டும் சண்டை பாதியாகக் குறைந்தது. இதை ஏப்ரலிலேயே செய்திருக்கலாம். தினம் ஒரு கொய்யா அல்லது இரண்டு துண்டு பப்பாளி, இரவு ஊறவைத்த பத்து உலர் திராட்சையை நசுக்கி, ஊறிய தண்ணீரோடு. பால் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத நீர். பாட்டில் நிரம்பியே வந்ததற்குக் காரணம், திருகு மூடி. அழுத்தினால் திறக்கும் மூடி வாங்கியதும் பாதி காலியாகி வந்தது.

பள்ளியில் கேட்டது மூன்று: கேட்கும்வரை காத்திராமல் 9.45க்கும் 11.30க்கும் ஆயா அழைத்துப்போவது, காலடியில் ஒரு மரப்பலகை, அவன் வெளியே வந்தபின் ஃபிளஷ் செய்வது. பலகையை அப்பா செய்து கொடுத்தார். ஆயாவிடம் பேசியது அம்மாயி. மேலிடத்துக் கடிதத்தைவிட அது வேகமாக வேலை செய்தது.

செப்டம்பர் நிலை

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளாவது காலை 7.40க்குள் முடிகிறது. வயிற்றுவலி என்று சொல்லி நின்ற நாள் ஆகஸ்டில் ஒன்று, அன்று உண்மையிலேயே காய்ச்சல். சளி மூன்று முறை வந்துபோனது. முதல் வருடம் பள்ளி போகும் பிள்ளைக்கு இது அதிகமில்லை. வாசலில் அழுகை இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் எதிரே செல்போன் வந்துவிடுகிறது. பெல்ட் இன்னும் அலமாரியில். எழுத்து, பள்ளியில் நேர்கோடும் படுக்கைக் கோடும் போடுகிறான். உடைந்த கிரேயானைத்தான் கேட்கிறான்.

காலாண்டு விடுமுறைக்குத் திண்டுக்கல் பக்கம் போகிறார்கள். அங்கே வீட்டில் கழிப்பறை கொல்லைக் கடைசியில், இரவில் விளக்கில்லை. விழிப்பு 7.15க்கு மேல் தள்ளக் கூடாது, மருந்து ஒரு நாளும் விடக் கூடாது என்று நோட்டில் எழுதியாயிற்று. அம்மாயி கட்டிய மூட்டையில் முதலில் போனது அந்தப் பிளாஸ்டிக் இருக்கை.